கொரிமாயோவின் ஈக்காரி

மெலானியா காலிசாயா ஈ பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேட்டு, கொரிமாயோ பள்ளத்தாக்கில் சிரிக்காதவர்கள் இல்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஈ பிடிக்க ஆள் வைக்கிறது, அதற்கும் ஒருத்தி போயிருக்கிறாள் என்று கள்ளுக்கடையில் பேசிப் பேசி ஓய்ந்தார்கள். அவளுக்கு ஈக்காரி என்று பெயர் வந்தது. அவள் வரும் வழியில் நின்று, "வாயை மூடிக்கங்கப்பா, உள்ள ஈ போச்சுன்னா ஈக்காரி கையை விட்டு எடுத்துருவா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போவாள்.

வேலை சிரிப்பாக இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் நூற்றுப் பதினெட்டுப் பொறிகள். ஒவ்வொன்றும் மரக்கிளையில் தொங்கும் மஞ்சள் குடுவை. உள்ளே புளித்த வாடை அடிக்கும் கரைசல். திங்கட்கிழமை ஆற்றங்கரையில் எலுமிச்சைத் தோட்டங்கள். செவ்வாயும் புதனும் நடுச்சரிவில் பீச், மலைச் சீத்தா, வெண்ணெய்ப்பழம். வியாழக்கிழமை மலையில் படிபடியாக வெட்டிய மேல் அடுக்குகளின் பேரி மரங்கள். அங்கே ஏறிச் சேர்வதற்குள் கழுதைக்கே மூச்சு வாங்கும். ஒவ்வொரு குடுவையையும் இறக்கி, கரைசலை வடிகட்டி, சல்லடையில் தங்கியதைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, தாளில் எழுதவேண்டும். பழ ஈ விழுந்திருந்தால் எத்தனை, இல்லாவிட்டால் பூஜ்யம்.

பூஜ்யம் வரவேண்டும் என்றுதான் ஊரே காத்திருந்தது. அந்த ஈ பழத்துக்குள் முட்டை இடும், முட்டை புழுவாகும், அந்தப் புழுவுக்குப் பயந்து தெற்கு எல்லையைத் தாண்டி எந்த நாடும் கொரிமாயோ பழத்தைத் தொடுவதில்லை. பெட்டி பெட்டியாகக் கடற்கரை நகரத்துக்கு இறக்கி, அங்கே வியாபாரி சொன்ன விலைக்கு விட்டுவிட்டு வருவதுதான் மூன்று தலைமுறைப் பழக்கம். ஐம்பத்திரண்டு வாரம் தொடர்ந்து எல்லாப் பொறியிலும் பூஜ்யம் வந்தால், ஈ இல்லாத பள்ளத்தாக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள், எல்லை திறக்கும். மலைப்பாதையின் அடிவாரத்தில் ஒரு சோதனைச்சாவடி போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு கொய்யாப்பழம்கூட உள்ளே வரக்கூடாது.

மெலானியாவுக்குச் சொந்தமாக ஒரு மரம்கூடக் கிடையாது. அவள் பிறந்தது பனி விழும் மேட்டு நிலத்தில். பத்தொன்பது வயதில் பழம் பறிக்கக் கூலியாக இறங்கி வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள். இருபத்துமூன்று வருடம் ஆகியும் பழைய தோட்டக்காரர்களுக்கு அவள் மேட்டுக்காரிதான். கணவன் அக்ரிபினோ செம்புச் சுரங்கத்தில் வேலை. மாதத்தில் பாதி நாள் மலைக்கு அந்தப் பக்கம். நடுச்சரிவில் பீச் தோட்டம் வைத்திருந்த சபீனா ஒருத்தியோடுதான் அவளுக்கு ஒட்டுதல். சபீனாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் மெலானியா ஞானத்தாயாக நின்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அந்த உறவுமுறைப்படி கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்பதாவது வாரம், ஜனவரி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. எழுபத்து மூன்றாம் பொறி சபீனாவின் தோட்டத்தில், வாய்க்காலை ஒட்டிய பீச் மரத்தில் தொங்கியது. வழக்கம்போல சபீனா வறுத்த சோளத்தை மடியில் கட்டிக்கொண்டு பேச வந்துவிட்டாள். மெலானியா சல்லடையைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன கொமாத்ரே, பேச்சு மூச்சைக் காணோம்?"

"இங்க வந்து பாரு."

சபீனா எட்டிப் பார்த்தாள். "வீட்டு ஈயா இருக்கும்."

"வீட்டு ஈக்கு றெக்கையில மஞ்சப் பட்டை போட்டது யாரு?"

அரிசியைவிடச் சற்றுச் சிறியது. பட்டை போட்ட இறக்கை, கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த முதுகு. வால் நுனி ஊசிபோல நீண்டிருந்தது. பெண் ஈ. பயிற்சியில் படத்தில் பார்த்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் செத்துக் கிடந்ததைப் பார்த்தது. கொரிமாயோப் பொறியில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சபீனாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒத்தை ஈ. நசுக்கிப் போட்டா போச்சு. உன்னையும் என்னையும் தவிர யாரு பாத்தா?"

மெலானியாவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. விரல் நுனியில் ஒரு தேய்ப்பு, தாளில் ஒரு பூஜ்யம். மூன்று வாரத்தில் பள்ளத்தாக்குக்கே திருவிழா. அவள் தலைக்குமேல் இருந்த கிளையைப் பார்த்தாள். பீச் பழங்கள் ஒரு பக்கம் சிவக்கத் தொடங்கியிருந்தன. இந்த ஒருத்தி முந்நூறு முட்டை இடுவாள். ஏற்கெனவே இட்டிருந்தால்? அவள் பையிலிருந்து சாராயம் ஊற்றிய சின்னக் குப்பியை எடுத்து ஈயை உள்ளே போட்டு மூடினாள்.

"அப்ப என் தோட்டம்?" என்றாள் சபீனா.

மெலானியா பையைத் தோளில் மாட்டினாள். யார் கண்ணிலும் பட்டால் மனம் மாறிவிடுவோமோ என்று பயந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஒரு மணி வேனில் ஏறித் தலைநகரத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே அவளுக்கு மேலதிகாரி ரோசலூஸ். விவசாயம் படித்தவர்கள் எல்லோரையும் இஞ்சினியர் என்பதே ஊர் வழக்கம். அந்த இளம்பெண்ணையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, இஞ்சினியர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: இது ஒன்றுதான் என்றால் எல்லாம் போய்விடவில்லை. ஈ விழுந்த மரத்தைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் உள்ள பழம், பிஞ்சு, காய் ஒன்றுவிடாமல் பத்து நாளுக்குள் பறித்துக் குழியில் புதைக்கவேண்டும். அதற்குப்பின் பன்னிரண்டு வாரம் இரண்டாவது ஈ விழாவிட்டால் பழைய கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். பறிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"மறைச்சிருந்தா?" என்று கேட்டாள் மெலானியா.

"எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து அதிகாரிங்க வந்து பழத்தை அறுத்துப் பாப்பாங்க. ஒரு புழு இருந்தா பத்து வருஷத்துக்குக் கதவு சாத்துன மாதிரிதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தண்ணீர்ச் சங்கக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். இருநூறு மீட்டர் வட்டத்துக்குள் பதினொரு குடும்பங்களின் தோட்டம் வந்தது. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம். அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் முன்வரிசையில் இழவுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். சபீனா தலை நிமிரவில்லை. பக்கத்தில் அவள் கணவன் புளோரெந்தினோ. ஊர் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பவன் அவன்.

சங்கத் தலைவர் எலியோதோரோ செபாயோஸ்; மரியாதைக்குத் தோன் என்று சேர்த்துத்தான் ஊர் கூப்பிடும். பள்ளத்தாக்கிலேயே பெரிய தோட்டம் அவருடையது. வட்டத்துக்கு வெளியே இருந்தது. ஆனாலும் அவர்தான் அதிகமாகக் கொதித்தார். மூன்று வாரம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும் காரியத்தை இவள் கெடுத்துவிட்டாள் என்றார். ஊரைக் கேட்காமல் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றார். கடைசியில் நேராக அவளைப் பார்த்துச் சொன்னார்:

"ஏ ஈக்காரி, ஒரு மரம் நட்டிருக்கியா நீ? மரமே இல்லாதவளுக்குக் காய் பறிகொடுக்கிற வலி எப்படித் தெரியும்?"

கொட்டகையில் சத்தம் எழுந்தது. அவர் சொன்னதுதான் பலர் மனதிலும் இருந்தது. மெலானியா எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் புளோரெந்தினோ எழுந்துவிட்டான். பருத்த ஆள்; வியர்த்து வழிந்தது.

"அவளைத் திட்டாதீங்க. ஈ என்னோடது," என்றான்.

ஒருவருக்கும் புரியவில்லை. அவன் விழுங்கி விழுங்கிச் சொன்னான். புத்தாண்டுக்குக் கீழே கடலோர ஊரில் மச்சான் கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தான். திரும்பும்போது மச்சான் வீட்டுக் கொய்யா ஒரு சாக்குக் கொடுத்தார்கள். சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரியும். முரசின் தோலைக் கழற்றி உள்ளே கொய்யாவைக் கொட்டி மறுபடி இழுத்துக் கட்டிவிட்டான்.

"சாவடிக்காரன் சந்தேகப்பட்டு ஒரு அடி அடிச்சுக் காட்டுன்னான். அடிச்சேன். தொம்முன்னு கேக்க வேண்டியது தொப்புன்னு கேட்டுச்சு. கேட்டதுக்கு, மழையில தோலு நனைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அவனும் பாவம், நம்பிட்டான்."

எலுமிச்சைத் தோட்டத்துக் கசிமிரா முதலில் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அது வரிசை வரிசையாகப் பரவியது. அடிக்க எழுந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோபம் திரும்பி வந்தது. பறிக்கவேண்டியதுதான், ஆனால் நஷ்டம் யாருக்கு என்றார்கள். புளோரெந்தினோ தோட்டத்தை விற்றாலும் பதினொரு வீட்டுக்கு ஆகாது. மற்றப் பத்துப் பேர் செய்த குற்றம்தான் என்ன?

அப்போதுதான் மெலானியா பேசினாள். மேட்டுக்காரி ஊர்க்கூட்டத்தில் பேசுவது அதுவே முதல் தடவை. முதல் இரண்டு வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து கசிமிரா, "சத்தமா சொல்லு, ஈயா கேக்குது?" என்றதும் குரல் எழும்பியது.

"எனக்கு மரம் இல்ல, வாஸ்தவம். ஆனா வாரா வாரம் எல்லாருடைய மரத்துக்கும் அடியில நிக்கிறவ நான். அந்த வட்டத்துக்குள்ள ஆயிரத்து இருநூறு மரம். வெளியில பதிமூவாயிரம். பன்னெண்டு மரத்துக்கு ஒரு மரத்தோட காயை வெளியில இருக்கிறவங்க உள்ள இருக்கிறவங்களுக்குக் கொடுத்தா, யாருக்கும் பெரிய அடி இல்ல. எல்லாருக்கும் ஒரே கீறல்தான்."

அந்த எண்ணை எங்கிருந்து பிடித்தாள் என்று தோன் எலியோதோரோ கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். கசிமிராவுக்கு நானூற்றுப் பத்து, அதில் முப்பது பட்டுப்போனது. கோயில் தோட்டத்தில் தொண்ணூற்றாறு. விதவை உர்சுலா வீட்டில் இருபத்தேழு, கிணற்றடியில் புதிதாக வைத்த இரண்டையும் சேர்த்து. தாள் எதுவும் கையில் இல்லை. பெயர் சொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். நாற்பது பெயருக்குப் பிறகு அவள் சொன்னாள்:

"தோன் எலியோதோரோ, எண்ணூத்தி நாப்பது."

சங்கத்துக்குக் கட்டவேண்டிய தண்ணீர்க் கட்டணம் மரக்கணக்குப்படிதான். அவர் பதிந்திருந்தது அறுநூறு மரம் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் யாரோ மெதுவாக, "அந்த இருநூத்தி நாப்பதும் ஈ தூக்கிட்டு வந்து வச்சிருக்கும்" என்றார்கள்.

தோன் எலியோதோரோ காது வரை சிவந்தார். மறுத்தால் போய் எண்ணிப் பார்ப்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், மறுபடி போட்டுக்கொண்டார். எண்ணூற்று நாற்பதுதான், தண்ணீர்க் கட்டணத்தையும் இந்த வருடத்திலிருந்து அதன்படியே திருத்திவிடலாம் என்றார். அப்புறம், "பன்னெண்டுக்கு ஒண்ணுன்னா எனக்கு எழுபது மரம். என் பேரை முதல்ல எழுதுங்க," என்றார். அந்த மனிதரை அதுவரை யாரும் அவ்வளவு பிரியத்தோடு பார்த்ததில்லை. கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தவை பின்னால் நின்றிருந்த பெண்களின் கைகள். அப்புறம் கொட்டகையே கை மயமாயிற்று.

வியாழக்கிழமை விடிந்ததும் முந்நூறு பேர் ஏணியும் சாக்குமாக நடுச்சரிவில் கூடிவிட்டார்கள். ஆற்றங்கரை ஆட்கள் கழுதைகளோடு ஏறி வந்தார்கள். மேல் அடுக்கு ஆட்கள் அவித்த சோளமும் உருளைக்கிழங்குமாக இறங்கி வந்தார்கள். வாய்க்காலுக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். புளோரெந்தினோவுக்கு ஊர் விதித்த தண்டனை, வேலை முடியும்வரை முரசை இறக்காமல் அடிக்கவேண்டும் என்பது. அவன் அடித்தான். அடிக்கு அடி ஏணிகள் நகர்ந்தன. நடுவில் நிறுத்தினால், "தொப்புன்னு கேக்குதே, உள்ள என்ன வச்சிருக்கே?" என்று நாலு திசையிலிருந்தும் கேட்டார்கள்.

பாதி பழுத்த பீச்சைப் பறித்துக் குழியில் கொட்டுவது பார்க்கச் சகிக்காத காட்சிதான். ஆனாலும் அன்று யாரும் அழவில்லை. மத்தியானத்துக்குள் ஒன்பது தோட்டம் முடிந்தது. பத்தாவது சபீனாவினுடையது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சபீனா மெலானியாவோடு பேசவில்லை. எதிரே வந்தால் வேறு வழியில் திரும்பினாள். இப்போது வாய்க்காலோரத்து மரத்தடியில் ஏணியைச் சாய்த்து நான்கு படி ஏறியவள், கீழே மெலானியா நிற்பதைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஏணியைப் புடி, கொமாத்ரே. நான் விழுந்து செத்தா அதையும் தாள்ல எழுதிருவே."

மெலானியா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். காய்கள் ஒவ்வொன்றாக அவள் காலடியில் விழுந்தன. மாலை ஐந்து மணிக்குக் குழி நிறைந்தது. சுண்ணாம்பு தூவி மண் தள்ளியபோது, இருநூறு மீட்டர் வட்டத்துக்குள் பறவை கொத்தக்கூட ஒரு பிஞ்சு மிச்சமில்லை.

அதன்பின் பன்னிரண்டு வாரம். வட்டத்துக்குள் மட்டும் புதிதாக நாற்பது பொறிகள் கட்டினார்கள். மெலானியாவின் நடை இரட்டிப்பானது. முதல் வாரம் பூஜ்யம். இரண்டாவது வாரம் பூஜ்யம். ஊர் அவளை வழிமறித்துக் கேட்கத் தொடங்கியது. அவள் பேசுவதில்லை, கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளைத்து வட்டம் காட்டுவாள். எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தவர்களும் அதையே காட்டுவார்கள். வேலை செய்துகொண்டே வட்டம், கழுதைமேல் உட்கார்ந்து வட்டம், பூசையில் பாதிரியார் முதுகைத் திருப்பினால் வட்டம். பீச் அறுவடையின்போது பன்னிரண்டுக்கு ஒரு மரத்தின் பெட்டிகள் பதினொரு வாசலில் வந்து இறங்கின. தோன் எலியோதோரோவின் எழுபது மரத்துக் காய் முதல் நாளே வந்தது. பொறுக்கியெடுத்த பெரிய காயாக இருந்தது.

ஒன்பதாவது வாரம் பேரித் தோட்டத்துப் பொறியில் பட்டை இறக்கையோடு ஒன்று விழுந்தது. பின்னாலேயே வந்த நாலைந்து பேர் அவளை நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மெலானியா அதைச் சல்லடையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காட்டுக் கத்தரியில் வாழ்கிற வேறு இனம், பழத்தைத் தொடாது என்றாள். அப்படியும் அதைக் குப்பியில் போட்டுத் தலைநகரத்துக்கு அனுப்பினாள். அவள் சொன்னதுதான் சரி என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது.

பன்னிரண்டாவது வாரம் கடைசிப் பொறியும் பூஜ்யம். மேல் அடுக்கின் விளிம்பில் நின்று அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கொண்டுபோய் வட்டமாக வளைத்தாள். அவ்வளவு பெரிய பூஜ்யத்தை அவள் அதுவரை காட்டியதில்லை. கீழே கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. எதற்கென்று தெரியாமலே நாய்கள் எல்லாம் ஊளையிட்டன.

இன்னும் மூன்று வாரம் கழிந்து ஐம்பத்திரண்டும் நிறைந்தது. சான்றிதழ் வந்தது. ஜூன் மாதம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மலைச் சீத்தாவும் வெண்ணெய்ப்பழமும் முதல் லாரிக்குத் தயாராகக் கொட்டகையில் அடுக்கியிருந்தன. அதிலிருந்து தாங்களே பொறுக்கிய முந்நூறு பழத்தை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்ப்பார்கள். ஒரு புழு இருந்தாலும் லாரி கிளம்பாது. ஊர் முழுவதும் கொட்டகையைச் சூழ்ந்து நின்றது. மெலானியா பெண்களோடு கடைசியில் நின்றிருந்தாள். தோன் எலியோதோரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"தோன்யா மெலானியா, நீங்க இங்க நிக்கக்கூடாது. முன்னால வாங்க," என்றார்.

இருபத்துமூன்று வருடத்தில் பழைய தோட்டக்காரர் ஒருவர் அவளைத் தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற சபீனா அவள் விலாவில் இடித்தாள்.

கத்திகள் இறங்கின. வெள்ளைச் சதை, கறுப்பு விதை; வெள்ளைச் சதை, கறுப்பு விதை. நூறு ஆயிற்று. இருநூறு ஆயிற்று. இருநூற்று அறுபதாவதோ என்னவோ, மூத்த அதிகாரி ஒரு சீத்தாப்பழத்தைக் கையில் வைத்து உருட்டினார். தோலில் சின்னத் துளை. மற்ற இருவரும் குனிந்தார்கள். புளோரெந்தினோ கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி மிக மெல்லிய துண்டுகளாக, துளையைத் தொடர்ந்து உள்ளே உள்ளே அறுத்துக்கொண்டு போனார். துளை கால் அங்குலத்தில் நின்றுபோயிருந்தது. குருவி கொத்திய அடையாளம். பழத்துக்குள் எதுவும் இல்லை.

மூன்று மணிக்கு முந்நூறும் முடிந்தது. அதிகாரி கத்தியைத் துடைத்தார், தாளில் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக யார் என்று கேட்டார். தோன் எலியோதோரோ பேனாவை வாங்கி மெலானியாவிடம் நீட்டினார். மெலானியா காலிசாயா என்று அவள் முழுப்பெயரையும் எழுதினாள்.

லாரி கிளம்பியது. அடிவாரத்துச் சாவடியில் தடுப்புக்கட்டை உயர்ந்ததை மேலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். நிற்கச் சொல்லவில்லை, திறந்து காட்டச் சொல்லவில்லை. கொரிமாயோ பழம் கடற்கரை நகரத்துக்குத் திரும்பும் சாலையை இடது கைப்பக்கம் விட்டுவிட்டு, நேராகத் தெற்கே போயிற்று.

கொட்டகையில் அறுத்துப் போட்ட முந்நூறு பழம் மலையாகக் குவிந்திருந்தது. அறுத்த பழத்தை விற்கமுடியாது. கசிமிராதான் முதலில் ஒரு பாதியை எடுத்து வாயில் வைத்தாள். அப்புறம் யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதிகாரிகள், இஞ்சினியர் ரோசலூஸ், பாதிரியார் எல்லோரும் கையால் அள்ளித் தின்றார்கள். சாறு முழங்கை வரை வழிந்தது. அன்று காலைதான் சுரங்கத்திலிருந்து வந்திருந்த அக்ரிபினோ, மனைவியின் கையெழுத்துக்காகத் தானே இரண்டு பழம் கூடுதலாகத் தின்னலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தூரத்தில், தெற்குச் சாலையில் லாரி நீளமாக ஹாரன் அடித்தது. யாரும் தலை தூக்கவில்லை. எல்லோருக்கும் வாய் நிறையப் பழம்.